கார்ச்சுழி இலக்கணம்

சுழி பார்க்கத் தெரியாதவன் மாட்டுச் சந்தைக்குப் போகக் கூடாது என்பது பெரியவர்கள் கண்ட முடிவு. கோபுரச் சுழி இருந்தால் வீடு விளங்கும், பாடைச் சுழி இருந்தால் இழவு விழும், ஏறுபூரான் நல்லது, இறங்குபூரான் ஆகாது. மாட்டின் முதுகை இத்தனை நுணுக்கமாக வாசித்த சமூகம், கார் பானெட்டில் விழும் சுழிகளைப் பற்றி ஒரு சூத்திரம்கூட எழுதி வைக்கவில்லை. அக்குறையை நீக்கவே இந்த ஆய்வு. ஆய்வுக்களம், சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடம். கருவிகள், வெயில், செல்போன் டார்ச், கட்டைவிரல் நகம். நிதி நல்கை கோரப்படவில்லை, கோரினாலும் கிடைத்திருக்காது.

முதல் வினா, சுழி என்று ஒன்று உண்டா? குடியிருப்பு மக்களின் கொள்கை எளியது: வட்டவட்டமாகத் துடைத்தான், வட்டவட்டமாகக் கீறல் விழுந்தது. அற்றன்று. பானெட்டில் இருப்பவை எல்லாத் திசையிலும் தாறுமாறாக ஓடும் பொடிக் கீறல்கள். சூரியனின் பிம்பம் விழும் இடத்தைச் சுற்றி, எந்தக் கீறல் அந்தப் பிம்பத்துக்குக் குறுக்கே படுத்திருக்கிறதோ அது மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகிறது. மற்றவை இருந்தும் தெரிவதில்லை. தெரிகிறவை எல்லாம் சேர்ந்து சிலந்திவலையாகின்றன. ஐயமுள்ளோர் தலையை ஒரு சாண் நகர்த்திப் பார்க்கலாம். வலையும் கூடவே நகரும். நாள்பட்ட எவர்சில்வர் தட்டை பல்புக்கு நேரே பிடித்தாலும் இதே காட்சிதான். ஆக, சுழி காரிலும் இல்லை, சூரியனிலும் இல்லை. பார்ப்பவன் நிற்கும் இடத்தில் இருக்கிறது. அத்வைதிகள் இதைக் கேட்டு மகிழலாம். ஆனால் பாலிஷ் கடைக்காரர் மாயைக்கும் ஜி.எஸ்.டி. போட்டுத்தான் பில் தருகிறார்.

கீறல் விழும் இடத்தின் அளவையும் சொல்லிவிட வேண்டும். தகரத்தின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், அதன் மேல் கண்ணாடி போன்ற கிளியர் கோட். கம்பெனியில் அடித்த பெயின்ட் எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால், பத்து லட்ச ரூபாய் வண்டியின் மானம் ஒரு முடி கனம்கூட இல்லாத படலத்தில் நிற்கிறது. அதன் மேல் வந்து உட்காருகிறது தெருப்புழுதி. புழுதியில் உள்ள குவார்ட்ஸ் மணலின் கடினம் மோஸ் அளவையில் 7. கிளியர் கோட் அதன் பக்கத்திலேயே வர முடியாது.

இனிக் காரணம். சுழிக்கு மூல காரணம் பாசம். இதற்குச் சான்று எங்கள் நிறுத்துமிடத்தின் கடைசித் தூணருகே, ஏதோ வழக்கில் மாட்டிப் பல காலமாக நிற்கும் ஒரு கறுப்பு வண்டி. அதை யாரும் துடைப்பதில்லை. புழுதிக்கடியில் அதன் பெயின்ட் புதுசு போல இருக்கிறது. விதிவிலக்கு டிக்கி மட்டும். அங்கே குழந்தைகள் விரலால் பெயர் எழுதி, அம்புவிட்ட இதயம் வரைந்து, ஒரு கட்சிச் சின்னத்தையும் பொறித்திருக்கிறார்கள். மழை வந்து புழுதி போன பிறகும் எழுத்து போகவில்லை. மணலை விரலால் அழுத்தி எழுதியது கல்வெட்டாகிவிட்டது.

மாறாக, பாசத்துக்குரிய கார் பிறந்த வாரத்திலேயே சுழிபடத் தொடங்குகிறது. ஷோரூமிலிருந்து நேரே பல்லவன் சாலை பாடிகார்டு முனீஸ்வரர் கோயிலுக்குப் போகிறது. சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சை. மறுநாள் காலை, காய்ந்து ஒட்டிய சந்தனத்தை வீட்டுக்காரர் உலர்ந்த துண்டால் அழுத்தித் தேய்க்கிறார். வந்த வழியில் படிந்த புழுதியும் சேர்ந்து தேய்கிறது. முனீஸ்வரர் விபத்திலிருந்து காப்பார். துண்டிலிருந்து காப்பது அவர் பொறுப்பில் வராது. பிறகு கவர் போடுகிறார்கள். புழுதிமேல் போட்ட கவரைக் காற்று இரவெல்லாம் அசைக்க, அது உப்புத்தாள் வேலையை மெதுவாகச் செய்கிறது. டோர் கைப்பிடிக்குப் பின்னே உள்ள குழியைக் குனிந்து பார்த்தால் பிறைபிறையாக நகக்கீறல். குறுக்கே சற்று ஆழமாக ஒன்று இருந்தால் அது கல்யாண மோதிரம். கீறல்களை ஐந்திணையாகவே பகுத்துவிடலாம்தான். கட்டுரை நீளுமே ஒழிய வண்டி பளபளக்காது.

தலையாய காரணி, விடியற்காலையில் ஒரே வாளித் தண்ணீரிலும் ஒரே பனியன் வேஸ்ட்டிலும் வரிசையாக எல்லா வண்டியையும் துடைக்கும் முறை. முதல் வண்டியின் மணல் கடைசி வண்டிவரை சமதர்மமாகப் பங்கிடப்படுகிறது. இதற்கு ஆய்வுலகம் கண்ட மருந்து இரட்டை வாளி: ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். துடைக்கும் அண்ணனிடம் இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"சார், ஒரு வாளிக்கே மோட்டார் போடச் சொன்னா செக்ரட்டரி மொறைக்கிறாரு. நீங்க ரெண்டுங்கிறீங்க. சம்பளமும் ரெண்டா சார்?"

இவ்வினாவுக்கு எந்த நூலிலும் விடை இல்லை.

அடுத்தது மெருகேற்றல். பாலிஷ் போட்டால் கீறல் போய்விடும் என்பது உலக வழக்கு. 1704-இல் வந்த 'ஆப்டிக்ஸ்' நூலிலேயே நியூட்டன் இதை மறுத்துவிட்டார்: கண்ணாடியைத் தேய்த்து மெருகிடுவது கீறலை ஒழிப்பதில்லை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடிதாக்குகிறது என்பது அவர் கட்சி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் பெய்ல்பி என்ற வேதியியலார், மெருகிடும்போது உலோகத்தின் மேற்பரப்பு வழிந்தோடிப் பள்ளங்களை மூடிக்கொள்கிறது என்று வாதிட்டார். பின்வந்த ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. கார் பெயின்ட்டைப் பொறுத்தவரை நானும் நியூட்டன் கட்சி. பள்ளத்தை யாரும் தூர்ப்பதில்லை. சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்குகிறார்கள். முடிந்தபின் வண்டி பளபளப்பது, அதில் பெயின்ட் குறைந்திருப்பதால்.

கடையில் நடப்பது இது. வண்டியைக் கழுவி, களிமண் போன்ற ஒரு கட்டியால் ஒட்டுத்தூசியை உருட்டி எடுக்கிறார்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பட்டைகளுக்கு மாஸ்கிங் டேப். ஃபோம் பேடில் பட்டாணி அளவுக்கு நாலு சொட்டுக் காம்பவுண்டு. அதில் இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு, கடினம் 9. மெஷின் ஒரு முழச் சதுரத்தில் குறுக்கும் நெடுக்குமாக மெதுவாக ஊர்கிறது. பையன் நடுநடுவே புறங்கையால் சூடு பார்க்கிறான். விளிம்பு வந்ததும் கையைத் தளர்த்துகிறான், அங்கேதான் பெயின்ட் சீக்கிரம் தீய்ந்து விடும். ஒரே அச்சில் சுற்றும் பழைய ரோட்டரி மெஷின் வேகமாக வெட்டும். கை தேறாதவரிடம் கொடுத்தால் பழைய சுழியை எடுத்துவிட்டு வெயிலில் அலையலையாய் மினுக்கும் புதுக் கோலம் ஒன்றைப் போட்டுத் தரும். சுற்றிக்கொண்டே தள்ளாடும் டூயல் ஆக்ஷன் மெஷின் அவ்வளவு துரோகம் செய்யாது. நகத்தைக் குறுக்கே ஓட்டும்போது தட்டுகிற கீறலை எந்த மெஷினும் எடுக்காது. எடுத்துத் தருகிறேன் என்று அடம்பிடிக்கும் கடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவது உத்தமம்.

குறுக்குவழியும் உண்டு. எண்ணெயும் மெழுகும் கலந்த பூச்சு கீறலுக்குள் இறங்கிச் சில வாரம் மறைத்துக்கொள்ளும். பிரேசிலின் ஒரு பனை இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு இவ்வகைப் பூச்சில் பேர்போனது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஓரிடத்தைத் துடைத்துக் காட்டச் சொன்னால் உண்மை வெளுத்துவிடும். சொல்லிப் பாருங்கள், கடைக்காரர் முகத்தையும் ஆய்வில் சேர்த்துக்கொள்ளலாம். இன்னொன்று 9எச் செராமிக் கோட்டிங். வைரத்துக்கு அடுத்தபடி என்பது போல விற்கிறார்கள். அந்த 9எச் பென்சில் கணக்கு. அந்தக் கடினப் பென்சிலால் கோடு போட்டுப் பார்க்கும் சோதனை. மணலுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை ரப்பிங் போடுவோர் கவனத்துக்கு: நன்றாக வெட்டும் ஒரு முழுச் சுற்றில் ஓரிரு மைக்ரானாவது கரைகிறது. புற ஊதாக் கதிரைத் தாங்கும் சரக்கும் அந்தக் கிளியர் கோட்டில்தான் இருக்கிறது. மெலிந்தால் கூரையிலும் பானெட்டிலும் தேமல் போல வெளுத்து உரியும். அப்புறம் பாலிஷ் இல்லை, பெயின்ட்தான். 2005-இல் நிசான் நிறுவனம், மெல்லிய கீறல் தானே ஆறிவிடும் கிளியர் கோட் ஒன்றை அறிவித்தது. வெப்பத்தையும் ஆழத்தையும் பொறுத்து ஒரு நாள் முதல் ஒரு வாரம் ஆகுமாம். சென்னையின் மே மாதத்தில் மதியச் சாப்பாட்டுக்குள் ஆறியிருக்கும் என்பது என் ஊகம்.

பழைய வண்டி வாங்குவோர்க்கு ஒரு விதி: உச்சி வெயிலில் நிறுத்தியும் ஒரு சுழிகூடத் தெரியாத பத்தாண்டு வண்டியைச் சந்தேகிக்க. ஒன்று மெழுகு, அல்லது மறுபெயின்ட். கனம் அளக்கும் மீட்டரை வைத்தால் மறுபெயின்ட் அடித்த கதவு மட்டும் எண்ணைக் கூட்டிச் சொல்லிவிடும். நிறத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கறுப்பில் தெரிவது வெள்ளையில் தெரியாது. வெள்ளை தானே எல்லாத் திசையிலும் ஒளியைச் சிதறடிப்பதால் கீறலின் மினுக்கல் அதில் கரைந்துவிடும்.

ஆய்வை விரிவாக்கும் எண்ணம் இருந்தது. ஆனால் இரவில் டார்ச் அடித்துப் பிறர் பானெட்டுகளை நகத்தால் வருடிப் பார்ப்பது குறித்து வாட்ச்மேன் புகார் கொடுத்து, சங்கம் சுற்றறிக்கையும் விட்டுவிட்டது. இனிக் களப்பணி என் வண்டியோடு மட்டும். அது வெள்ளை.