வானூர்தி நிமித்தம்: ஒரு பந்துவீச்சாளர் ஒப்பந்த ஆராய்ச்சி

ஒரு பேஸ்பால் வீரர் எந்த அணிக்குப் போகிறார் என்பதை அவர் வாயால் அறிவது சிற்றறிவு. அவர் ஏறாத விமானத்தால் அறிவது பேரறிவு. இத்துறைக்கு மூலச்சான்று 2023 டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை.

பந்துவீச்சு, மட்டைவீச்சு இரண்டிலும் வல்ல ஷோஹேய் ஒஹ்டானி அப்போது எந்த அணியிலும் இல்லை. அவர் தரப்பு மூச்சுவிடவில்லை. 'நாங்கள் அவரைச் சந்தித்தோம்' என்று டாட்ஜர்ஸ் அணியின் மேலாளர் டேவ் ராபர்ட்ஸ் மெய் பேசியதே அந்த வாரத்தின் பரபரப்பு. மெய் அருகினால் நிமித்தம் பெருகும் என்பது நம் துணிபு. நவம்பரில் தலைசிறந்த வீரருக்கான எம்விபி விருது அறிவிப்பின்போது அவரோடு தோன்றிய நாயின் பெயர் தெரிந்தால் அணியும் தெரிந்துவிடும் என்று ஒரு சாரார் நம்பினர். அவர்களை விடுவோம்; விமானக் கட்சியாரே கற்றோர்.

கலிபோர்னியாவின் சாண்டா அனாவிலிருந்து ஒரு தனி ஜெட் டொராண்டோவுக்குப் பறக்கிறது. டொராண்டோவில் ப்ளூ ஜேஸ் அணி இருக்கிறது. ஆகவே உள்ளே இருப்பவர் ஒஹ்டானி என்க. புகை கண்டு நெருப்பை உணர்வது பழைய அளவை. இங்கும் புகை மெய்தான், ஜெட்டின் புகை. விமானத் தடம் காட்டும் திரையில் ஊர்ந்த புள்ளியை ரசிகர்கள் கண்கொட்டாமல் தொடர்ந்தனர். அவர் வந்துகொண்டிருக்கிறார் என்று எம்எல்பி நெட்வொர்க் தொலைக்காட்சியின் செய்தியாளர் ஜான் மொரோசியே மொழிந்தார். துணைச்சான்றும் வந்தது: ப்ளூ ஜேஸ் வீரர் யுசெய் கிகுச்சி ஒரு சுஷி உணவகத்தை மொத்தமாகப் பிடித்துவைத்தார் என்று ஊர்ப்பேச்சு. இருவரும் ஹனமாகி ஹிகாஷி பள்ளியில் பயின்றவர்கள். அஃதேல், டொராண்டோவில் வேறு எவருக்கும் பசிக்காதோ எனின், ஒப்பந்தக் காலத்தில் பசிக்காது.

விமானம் இறங்கியது. உள்ளிருந்து வந்தவர் 'ஷார்க் டாங்க்' தொலைக்காட்சி நிகழ்ச்சியின் தொழிலதிபர் ராபர்ட் ஹெர்ஜாவெக், பிள்ளைகளோடு. மொரோசி மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் ஒஹ்டானி இன்ஸ்டாகிராமில் டாட்ஜர்ஸ் சின்னத்தைப் போட்டார். 10 ஆண்டு, 70 கோடி டாலர். கையில் ஆண்டுக்கு 20 லட்சம். மீதி 68 கோடி 2034 முதல் 2043 வரை, வட்டியில்லாமல். முந்தின நாள் விமானவியலார் அனைவரும் அன்றே கணக்காயர் ஆயினர். செப்டம்பரில் முழங்கை அறுவை சிகிச்சை ஆகியிருந்ததால் 2024 முழுக்க அவர் பந்தே வீசமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு இத்தனை ஆராய்ச்சி எழவில்லை.

தமக்காக 17ஆம் எண் சட்டையை விட்டுக்கொடுத்த டாட்ஜர்ஸ் வீரர் ஜோ கெல்லியின் மனைவிக்கு ஒஹ்டானி ஒரு போர்ஷே காரை அனுப்பினார். அவர் மெய்யாகவே அனுப்பிய ஊர்தி அது ஒன்றுதான். அதைத் திரையில் பின்தொடர்ந்தார் எவருமிலர்.