ஃபிரிட்ஜ் எந்தப் பால்? இல்லம்சார் ஸ்பானிஷ் தனிப்பயிற்சி: ஒரு கல்வெட்டியல் நோக்கு

ஆய்வு எல்லை

மேற்கு மாம்பலத்தில், மூன்றாவது மாடியில் உள்ள இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றே இவ்வாய்வின் களம். செவ்வாய், வியாழன் மாலை ஆறு மணிக்கு அங்கே ஸ்பானிஷ் மிஸ் வருகிறார். முதல் ஒரு மணி நேரம் ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு. அடுத்த ஒரு மணி நேரம் அவளுடைய அப்பாவுக்கு. அந்த வீட்டில் யாருக்காவது ஸ்பானிஷ் பேச வந்துவிட்டதா என்ற கேள்வி இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. மொழிக் கல்வி பற்றிய ஆய்வேடுகள் பலவும் இந்தக் கண்ணியத்தைக் கட்டிக் காத்து வந்திருப்பதால் நாமும் அதை மீறத் துணியவில்லை.

முன்னோர் மொழிந்தவை

ஸ்பானிஷுக்கு முதன்முதலாக அச்சேறிய இலக்கணம் அந்தோனியோ தெ நெப்ரிஹா எழுதியது. 1492இல் சாலமாங்காவில் வெளிவந்தது. கொலம்பஸ் கப்பலேறியதும் அதே ஆண்டுதான் என்றாலும், அச்சிறு நிகழ்ச்சி இலக்கணத்துக்குப் புறம்பானது. நூலின் மாதிரியை அரசி இசபெல்லிடம் காட்டியபோது, "இதனால் என்ன பயன்?" என்ற பொருளில் அரசி கேட்டதாக நெப்ரிஹாவே முன்னுரையில் எழுதியிருக்கிறார். அருகிலிருந்த ஆவிலா ஆயர் முந்திக்கொண்டு பதில் சொன்னாராம்: தாங்கள் வெல்லப்போகும் மக்களுக்குத் தங்கள் சட்டமும் மொழியும் புரிய வேண்டாமா என்று.

நம் களத்தில் இதே வினாவை எழுப்பியவர் தாத்தா. "மாசா மாசம் இவ்ளோ கொட்டிக் குடுத்து இதைப் படிச்சு என்ன பண்ணப் போறா?" ஆயரின் இடத்தில் நின்று விடை பகர்ந்தவர் மருமகள்: "சி.பி.எஸ்.இ.லயே ஸ்பானிஷ் இருக்கு மாமா." ஆயர் சொன்னதைவிட இது வலுவான விடை என்ப. தாத்தா அதன்பின் வாய் திறக்கவில்லை.

மாணவர் வகைமை

குழந்தை: கற்கும்.

பெரியவர்: கற்க ஆயத்தமாவார். அப்பாவின் கம்பெனிக்கு மெக்சிகோவில் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். ஆகவே நான்கு வண்ணப் பேனா, கோடு போட்ட நோட்டு, வினைச்சொல் அட்டவணை எல்லாம் வாங்கியாயிற்று. வகுப்பு ஏழு மணிக்குத் தொடங்கும். செல்போன் ஏழே காலுக்குள் அடிக்கும். அவருடைய இலக்கு டெலே தேர்வு. ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு நிலைகள் உள்ள அத்தேர்வை நடத்துவது இன்ஸ்டிட்யூட்டோ செர்வாந்தஸ். 1991இல் ஸ்பெயின் அரசு தொடங்கியது, புதுடில்லியிலும் மையம் உண்டு. டெலே சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. அப்பாவின் வைராக்கியத்துக்கும் கிடையாது. உறையைப் பிரிக்காத சரக்கு அது.

செவிவழி மாணவர்: அடுப்படியில் நின்றபடி கட்டணமின்றிக் கற்பவர், அதாவது அம்மா. ஹாலில் மகள் வினைமுற்றைத் தப்பாகச் சொன்னால், கடுகு வெடிக்கும் சத்தத்துக்கு நடுவிலிருந்து திருத்தம் வரும். மிஸ் இதைக் கண்டுகொள்வதில்லை. நாமும் கண்டுகொள்ளவில்லை, ஏனெனில் இவ்வகை நம் அட்டவணையில் அடங்காது.

எழுத்து

ஸ்பானிஷ் எழுத்துகள் 27. தொல்காப்பியத்தின் இயல்களும் 27. இது தற்செயலா? தற்செயல் என்று சொல்வோருக்குத் தமிழ்ப்பற்று இல்லை என்பது வெளிப்படை. 2010 வரை இவ்வாதத்தை யாரும் முன்வைக்க முடிந்திருக்காது என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. அதுவரை 'சே', 'எய்யே' என்னும் இரண்டு ஈரெழுத்துக் கூட்டுகளும் தனி எழுத்தாகக் கணக்கில் இருந்தன, மொத்தம் 29. அவ்வாண்டு ஸ்பானிஷ் அரசக் கழகம் அவ்விரண்டையும் நெடுங்கணக்கிலிருந்து நீக்கியதால்தான் நம் கொள்கை உயிர் பெற்றது. கழகத்துக்கு நம் நன்றி. இந்த ஒரு பத்தியை முந்நூறு பக்கமாக நீட்டி முனைவர் பட்டம் பெற விரும்புவோர் முன்னனுமதி பெறத் தேவையில்லை. வழக்கமாக யாரும் பெறுவதுமில்லை.

ஒலி

நாக்கு நுனியில் உருட்ட வேண்டிய ரகரத்தை அப்பா பழகியபோது, மிக்ஸி ஓடுகிறது என்று கீழ்வீட்டார் நினைத்தார்கள்.

ஒட்டுச்சீட்டுக் கல்வெட்டுகள்

இனி ஆய்வின் உயிர்நிலைக்கு வருவோம். முதல் வாரமே மிஸ் ஒரு வேலை கொடுத்தார். வீட்டுச் சாமான்களின் பெயரைச் சீட்டில் எழுதி அந்தந்தச் சாமான் மேலேயே ஒட்ட வேண்டும். ஆண்பாலுக்கு நீலச் சீட்டு, பெண்பாலுக்கு மஞ்சள். ஸ்பானிஷில் நாற்காலிக்கும் பால் உண்டு; அஃறிணை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வழியில்லை. வார இறுதிக்குள் வாசற்கதவு முதல் பால்கனிக் கொடிக்கம்பி வரை கல்வெட்டுமயம் ஆயிற்று (வாசற்கதவு, 1, ஷூ ரேக், 1).

இவற்றுள் காலத்தால் முந்தியதும் சர்ச்சையால் முதிர்ந்ததும் ஃபிரிட்ஜ் கல்வெட்டே. மகள் ஒட்டியது மஞ்சள்: 'லா நெவேரா'. அவளுடைய பாடப்புத்தகம் ஸ்பெயினில் அச்சானது. அப்பா அதன் பக்கத்திலேயே நீலம் ஒட்டினார்: 'எல் ரெஃப்ரிஹெரதோர்'. மெக்சிகோக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அர்ஜென்டினா போனால் அதுவே 'லா எலதேரா', மறுபடி மஞ்சள். ஆக அட்லாண்டிக்கைக் கடந்தால் ஆணாகி, தெற்கே இறங்கினால் மறுபடி பெண்ணாகும் பொருள் இது (ஃபிரிட்ஜ், மேற்கதவு, 1–2, திருப்பதி காந்தத்தின் கீழ் மறைந்த பகுதி நீங்கலாக). "ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்கடி, இது ஆம்பளையா பொம்பளையா?" என்று பாட்டி கேட்டது வாய்மொழிச் சான்றாகப் பதிவாகியுள்ளது.

சில நாளில் மூன்றாவதாக ஒரு சீட்டு தோன்றியது. வெள்ளைத் தாள், தமிழ் எழுத்து, பாட்டியின் கை. வாசகம் முழுமையாகக் கிடைத்துள்ளது: 'பால் உள்ளே இருக்கு' (ஃபிரிட்ஜ், மேற்கதவு, 3, காலண்டர் தாளின் பின்புறம், சந்திராஷ்டமக் கட்டத்துக்கு நேர் எதிரே). பொருளின் பால் அதன் புறத்தே ஒட்டப்படும் சீட்டில் இல்லை, அகத்தே உறைகிறது என்னும் இக்கோட்பாடு, ஸ்பானிஷ் இலக்கணிகள் இதுவரை எட்டாத ஆழம் கொண்டது. இது ஆவின் பாக்கெட்டைப் பற்றிய குறிப்பு என்று மருமகள் கூறும் உரை எளிமையாக இருப்பதால் ஏற்பதற்கில்லை. எளிய பொருள் ஒன்று கிடைக்கும்போது அரிய பொருளையே கொள்க என்பது உரையாசிரியர் மரபு.

மின்விசிறிக் கல்வெட்டு தனித்தன்மை வாய்ந்தது. ஓர் இறக்கையில் 'எல்', அடுத்ததில் 'வெந்திலதோர்', மூன்றாவதில் வெறும் செல்லோடேப். ஓடும்போது வாசிக்க இயலாது. எனவே கரண்ட் போகும் நேரத்தில் மட்டுமே படியெடுக்கத்தக்க ஒரே கல்வெட்டு இதுவாகும் (ஹால், மின்விசிறி, 1–2; படியெடுத்த நாள்: டிரான்ஸ்ஃபார்மர் வெடித்த வியாழன், ஸ்டூல் மேல் நின்று, தாத்தா டார்ச் பிடிக்க).

அழிந்த சான்றுகளும் உண்டு. சிங்க் மேலிருந்த சீட்டை வேலைக்கு வரும் அக்கா கிழித்துவிட்டார். "நனைஞ்சு தொங்கிக்கிட்டு கெடந்துச்சும்மா, பிச்சுப் போட்டுட்டேன்." கரையான் தின்ற ஏட்டுச்சுவடிகளுக்கு அடுத்தபடியாக நாம் வைத்து அழத்தக்க இழப்பு இது. அதில் இருந்த சொல் எது என்பதில் இரு கட்சி. மகளின் நோட்டில் அந்தச் சொல் இருக்கிறது, திறந்து பார்க்கலாம் என்போர் மூன்றாம் கட்சி, அவர்கள் பொருட்படுத்தத்தக்கவர் அல்லர் (சிங்க், மேற்சுவர், சிதைவு, ஒப்பு: குப்பைத் தொட்டி, ஈரக் குப்பைப் பிரிவு, புதன் காலை அடுக்கு, வாழைப்பழத் தோலுக்கும் காபி வண்டலுக்கும் இடைப்பட்டது).

இத்தனை நுணுக்கம் தேவையா என்று கேட்போருக்கு ஒரு செய்தி. 'மட்டும்' என்று பொருள்படும் 'சோலோ' என்ற சொல்லின் தலையில் ஒரு சிறு சாய்கோடு இடுவதா, கூடாதா? வேண்டியதில்லை என்று அரசக் கழகம் 2010இல் சொன்னது. கழகத்து உறுப்பினரான நாவலாசிரியர் ஆர்த்துரோ பெரெஸ் ரெவெர்த்தே உள்ளிட்டோர் ஒப்பவில்லை. சண்டை 2023 வரை ஓடியது. பொருள் மயக்கம் வரும் என்று எழுதுபவருக்கே தோன்றினால் போட்டுக்கொள்ளலாம் என்ற அளவில் வந்து நின்றது. 1713இல் பிறந்த கழகம், ஒரு கோட்டுக்குப் பதின்மூன்று ஆண்டு. ஒற்று மிகுமா மிகாதா என்று நண்பர்களை இழந்த நம்மவர்களுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

பொருளதிகாரம்

ஜிபேயில் போகிறது.

தீர்வு காணாதவை

வெட் கிரைண்டர் மேல் ஒரு மஞ்சள் சீட்டு இருக்கிறது. அதில் 'லா' என்று மட்டும் எழுதி, பக்கத்தில் இடம் விடப்பட்டுள்ளது (அடுப்படி, கிரைண்டர், டிரம்மின் இடப்புறம், மாவு வழிந்து காய்ந்த வரிக்கு ஒரு விரற்கடை மேலே, சீட்டின் வலது மூலை உளுந்தால் கனத்தது). சொல் இருந்து மாவில் அழிந்தது என்பது ஒரு கொள்கை. எழுதத் தொடங்கியபோதே ஸ்பானிஷில் இதற்குச் சொல் இல்லை என்று உணர்ந்து கை நின்றுவிட்டது என்பது மற்றொன்று. சொல் இல்லை என்றால் பால் மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்டு முதல் கட்சி மடக்குகிறது. பால் உள்ளே இருக்கு என்று பாட்டி சூத்திரத்தைக் காட்டி இரண்டாம் கட்சி தப்பிக்கிறது. இரு தரப்பிலும் கட்டுரைகள் வரவுள்ளன.

மிஸ்ஸையே கேட்டிருக்கலாமே என்பர். அவர் செவ்வாய், வியாழன் ஆறிலிருந்து எட்டு வரை ஹாலில்தான் இருக்கிறார், கிரைண்டரிலிருந்து பத்தடியில். ஆனால் உயிரோடிருக்கும் ஒருவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வதை நம் முறையியல் ஒப்புவதில்லை. போன வியாழன், கேட்காமலே, "அந்த லா பத்தி என்னமோ பேசிக்கிட்டீங்களாமே சார்" என்று அவராகவே ஆரம்பித்தார். காபியைக் கையில் கொடுத்து, அப்பாவின் வகுப்புக்கு நேரமாகிவிட்டதை நினைவூட்டினோம்.