366ஆவது டீக்கு வரி உண்டா, ஐயா?

அனுப்புநர்:
டீ வாடிக்கையாளர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
வணிக வரித் துறை, கர்நாடக அரசு,
காந்திநகர், பெங்களூரு.

பொருள்: தேசிய டிஜிட்டல் வளர்ச்சி – பல துறைக் கூட்டாண்மை – தங்கள் துறை படைத்த சாதனை – பாராட்டுத் தெரிவித்தல் தொடர்பாக.

பார்வை: 2025 ஜூலையில் நகரத்துக் கல்லாப்பெட்டிகளுக்கு மேலே செல்லோ டேப்பில் தொங்கிய ‘நோ யுபிஐ, ஒன்லி கேஷ்’ அறிவிப்பு.

ஐயா,

இந்த ஊரில் ஒரு துறை செய்வது அடுத்த துறைக்குத் தெரியாது என்பதை இங்கே வண்டி ஓட்டுகிற எல்லோரும் அறிவார்கள். மாநகராட்சி தார் போட்டுவிட்டுப் போகும். சூடு ஆறுமுன் குடிநீர் வாரியம் தோண்ட வரும். அவர்கள் மூடிய இடத்தை மின்சாரக்காரர்கள் திறப்பார்கள். இதற்கொரு வழி காண 1999இல் எஸ்.எம். கிருஷ்ணா அரசு, நந்தன் நிலேகணி தலைமையில் ‘பெங்களூர் அஜெண்டா டாஸ்க் ஃபோர்ஸ்’ என்று ஒரு குழு அமைத்தது. தொழிலதிபர்களும் அதிகாரிகளும் ஒரே மேடையில் உட்கார்ந்து, எந்தத் துறை என்ன செய்யப்போகிறது என்று ஊரறியச் சொன்னார்கள். 2004இல் ஆட்சி மாறியது. குழு போயிற்று. தோண்டுகிறவர்கள் போகவில்லை.

அப்படிப்பட்ட ஊரில், மேடை போடாமல், பொன்னாடை போர்த்தாமல், புரிந்துணர்வு ஒப்பந்தத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்ளாமல், தனியார் பணப்பட்டுவாடா நிறுவனங்களையும் ஓர் அரசுத் துறையையும் கைகோக்க வைத்துவிட்டீர்கள். 2021-22 தொடங்கி 2024-25 வரை நான்கு ஆண்டுகளின் யுபிஐ வரவுகள் அவர்களிடமிருந்து உங்களிடம் வந்து சேர்ந்தன. அதை அலசி, பேக்கரி, டீக்கடை, கன்டிமென்ட்ஸ் என்னும் பெட்டிக்கடை என்று ஆயிரக்கணக்கானோருக்கு நோட்டீஸ் அனுப்பினீர்கள். என் தெருவில் குழாய் உடைந்தால் எந்த அலுவலகத்தைக் கூப்பிடுவது என்பதே இன்னும் தீராத வழக்கு. நீங்களோ டீக்கடைக்காரர் நான்கு ஆண்டில் எவ்வளவு வாங்கினார் என்பதை ரூபாய் சுத்தமாகச் சொல்கிறீர்கள். இதல்லவா கூட்டாண்மை! கைதட்டுகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். இந்தக் கூட்டணியில் டீக்கடைக்காரர் யார்? பங்காளியா, சரக்கா?

2016 ஏப்ரலில் யுபிஐ வந்தது. அந்த நவம்பரில் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாமல் போயின. 2020 ஜனவரி முதல் யுபிஐ வழியாகப் பணம் வாங்கும் வியாபாரிக்குக் கட்டணமே கிடையாது என்று மத்திய அரசு அறிவித்தது. கடைக்குக் கடை இளைஞர்கள் வந்தார்கள். க்யூஆர் அட்டையை ஒட்டினார்கள், பணம் வந்ததைச் சொல்லும் சவுண்ட் பாக்ஸை வைத்தார்கள், கைகொடுத்துவிட்டுப் போனார்கள். சில்லறைத் தகராறு தீர்ந்தது. கடைக்காரருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். கூட்டாளிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு கிடைத்தது. வங்கிகளுக்கும் நிறுவனங்களுக்கும் ஊக்கத்தொகை. 2024-25க்கு மட்டும் அதற்காக மத்திய அமைச்சரவை ஒதுக்கியது சுமார் 1,500 கோடி ரூபாய். அரசுக்கு உலக அரங்கில் பேர். 2023 ஆகஸ்டில் ஜி20 டிஜிட்டல் பொருளாதார அமைச்சர்கள் பெங்களூரில் கூடியபோது, ஜெர்மனி அமைச்சர் ஃபோல்கர் விஸ்ஸிங் இங்கே ஒரு தெருவோரக் காய்கறிக் கடையில் போனை நீட்டி ஸ்கேன் செய்து வாங்கினார். அவர் வியந்துபோன காணொளியை ஜெர்மன் தூதரகமே வெளியிட்டது. கடைக்காரரின் பங்கு? சவுண்ட் பாக்ஸுக்கு வாடகை. பிறகு, நோட்டீஸ்.

வரி கேட்டது குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். ரொக்கமாக வாங்கினாலும் யுபிஐயில் வாங்கினாலும் விற்றுமுதல் விற்றுமுதல்தான் என்று உங்கள் துறை சொன்னது சட்டப்படி சரி. பொருள் விற்பவர் ஆண்டுக்கு 40 லட்சம், சேவை தருபவர் 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டும். அந்தக் கணக்கை மட்டும் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாமா? டீக்கடையில் விற்கும் டீ சட்டத்தின் கண்ணில் பொருள் அல்ல, உணவகச் சேவை. எனவே 20 லட்சம். டீ 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 365 டீ, வருஷத்துக்கு 365 நாள்: 19,98,375 ரூபாய். தப்பித்தார். நாளைக்கு ஒரு டீ கூடுதலாக, அதாவது 366ஆவது டீயை ஊற்றினால், 20,03,850. மாட்டினார். அந்தக் கடைசி டீயை ‘பை டூ’ சொல்லி இருவர் பகிர்ந்து வாங்கினால் எந்தப் பக்கம் சேரும் என்பதைத் தங்கள் சட்டப் பிரிவு ஒரு சுற்றறிக்கை மூலம் தெளிவுபடுத்தினால் நல்லது.

கன்டிமென்ட்ஸ் கடைக் கணக்கு இன்னும் ருசியானது. 40 லட்சம் என்றால் நாளைக்குப் பதினோராயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. காலையில் நந்தினி பால், பகலெல்லாம் சிகரெட். இரண்டிலும் புரளுகிற பணம் பெரிது, கையில் நிற்கிற லாபம் சொற்பம். பாலுக்கு வரியே இல்லை. ஆனால் பாலோடு நாலு பிஸ்கட் பாக்கெட்டும் விற்கிறவர் வரம்பைத் தாண்டினாரா என்று பார்க்கும்போது, பால் விற்ற பணமும் கூட்டுத்தொகையில் ஏறிக்கொள்ளும். அதுவும் போகட்டும். ஐடி கம்பெனித் தம்பி ஒருவர், “அண்ணா, 500 ஸ்கேன் பண்றேன், கேஷ் குடுங்க” என்று கேட்டு வாங்கிப் போகிறார். ஏடிஎம் வேலையையும் பார்க்கிற அந்த அண்ணாவுக்கு 500 ரூபாய் ‘விற்பனை’. மைத்துனர் திருப்பித் தந்த கைமாற்றும் அதே அட்டையில்தான் விழுகிறது. சவுண்ட் பாக்ஸ் தொகையைச் சத்தமாகச் சொல்லுமே தவிர, எதற்கு வந்தது என்று சொல்லாது.

ஹாவேரி காய்கறி வியாபாரி ஒருவருக்கு வந்த நோட்டீஸ் விஷயம் நாடெங்கும் சிரிப்பாகச் சிரித்தது. நான்கு ஆண்டில் 1.63 கோடி ரூபாய் பரிமாற்றம். கேட்ட வரி 29 லட்சம். நாளைக்குப் பதினோராயிரம் சொச்சத்துக்கு வியாபாரம் செய்த மனிதர், அவ்வளவுதான். பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டி பூஜ்யம் என்பது உங்கள் துறைக்குத் தெரியாமல் இருக்காது. கணினி அனுப்பிய தரவுக்குத்தான் கத்திரிக்காய் எது, கைக்கடிகாரம் எது என்று தெரியவில்லை. எந்தத் தரவும் காய்கறியை முகர்ந்து பார்ப்பதில்லை என்பதை ஒரு தொழில்நுட்பக் குறைபாடாகக் குறித்துக்கொள்கிறேன்.

அதன்பின் நடந்ததுதான் கூட்டாண்மையின் உச்சம். வியாபாரிகள் கறுப்புப் பட்டை அணிந்து, பால், டீ, காபி விற்பனையை நிறுத்தி, ஜூலை 25 அன்று கடையடைப்பு என்று அறிவித்தார்கள். மாநிலத் துணை முதல்வர் டி.கே. சிவகுமார் டெல்லியைக் கைகாட்டினார். மத்திய அமைச்சர் பிரகலாத் ஜோஷி பெங்களூரைக் கைகாட்டினார். யுபிஐ வளர்ந்தது யாரால் என்று கேட்டால் நாலு பேர் கை தூக்குவார்கள். நோட்டீஸ் யாருடையது என்று கேட்டபோது ஒரு கையும் மேலே போகவில்லை. கடைசியில் ஜூலை 23 அன்று முதல்வர் சித்தராமையா வியாபாரிகளை அழைத்துப் பேசினார். பால், காய்கறி, பழம் போன்ற வரிவிலக்குப் பொருட்களுக்கான நோட்டீஸ்கள் கைவிடப்படும், மற்றவர்கள் ஜிஎஸ்டியில் பதிவு செய்துகொண்டால் பழைய பாக்கி கேட்கப்படாது என்றார். கடையடைப்பு நின்றது.

அதோடு ‘ஜிஎஸ்டியை அறிந்துகொள்ளுங்கள்’ என்று விழிப்புணர்வு இயக்கமும் தொடங்கினீர்கள். முதலில் பரீட்சை, பிறகு பாடம். கல்வித் துறையையும் இந்தக் கூட்டணியில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் நடந்ததில் யாருக்கு லாபம் என்று பாருங்கள். கல்லாவில் ரொக்கமாகவே வாங்கி, ரொக்கமாகவே கொடுத்து, அட்டை எதையும் ஒட்டாதவருக்கு நோட்டீஸ் வரவில்லை. எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வாங்கியவருக்குத்தான் வந்தது. அவர் கற்ற பாடம் அட்டையைக் கிழிப்பது. அந்த ஜூலையில் நாடு முழுவதும் 1,900 கோடிக்கும் மேலான யுபிஐ பரிவர்த்தனைகள் நடந்தன. பெங்களூரில் அட்டைகள் கிழிந்தது அந்த எண்ணில் ஒரு கீறலும் போடவில்லை. எனக்குத்தான் போட்டது. பல வருஷமாகப் பர்ஸ் தூக்காதவன், நூறு ரூபாய்த் தாளை நீட்டி, “சில்லறை இல்லை சார்” என்ற பழைய வசனத்தை மறுபடி கேட்கிறேன்.

புகார் சொல்லிவிட்டு யோசனை சொல்லாமல் போகிறவன் பெங்களூர்க்காரன் அல்ல. எனவே ஒன்று. அந்த சவுண்ட் பாக்ஸ் சும்மா கத்திக்கொண்டுதானே இருக்கிறது? ஆண்டுக் கூட்டுத்தொகையையும் அது சொல்லட்டும். “பதினைந்து ரூபாய் பெறப்பட்டது. இந்த ஆண்டு மொத்தம் 19,98,375. வரம்புக்கு இன்னும் 1,625 ரூபாய்தான் அண்ணா, உஷார்.” கன்னடத்தில், தமிழில், மலையாளத்தில், கடைக்காரருக்கு எது வருமோ அதில். நான்கு ஆண்டுக் கணக்கை மொத்தமாக அள்ளித் தரத் தெரிந்த நிறுவனங்களுக்கு, அன்றன்றைக்கு ஒரு வார்த்தை சொல்வது கடினமாக இருக்க முடியாது. வரம்பு நெருங்கும் மாதத்தில் உங்கள் ஊழியர் ஒருவர் கடைக்கு வந்து, ஒரு டீ குடித்து, பதிவு செய்வது எப்படி, பொருள் விற்பவருக்கான ஒரு சதவீத இணக்க வரித் திட்டம் கடைக்காரருக்குப் பொருந்துமா என்று விளக்கிவிட்டுப் போனால், வரியும் வந்திருக்கும், அட்டையும் சுவரில் இருந்திருக்கும். டீக்கு மட்டும் அவர் காசு கொடுத்துவிட வேண்டும். ஸ்கேன் செய்யலாம்.

அடுத்த பெங்களூரு டெக் சம்மிட்டில் கூட்டாண்மை பற்றிய அமர்வு நிச்சயம் இருக்கும். அமைச்சர், வங்கியாளர், ஸ்டார்ட்-அப் நிறுவனர் வரிசையில் ஒரு பேக்கரிக்காரருக்கும் நாற்காலி போடுங்கள். இதுவரை அந்த அரங்குகளுக்கு அவரிடமிருந்து போனது டீயும் பன்னும்தான்.

இப்படிக்கு,
தங்கள் நலம் விரும்பி,
365ஆவது டீயோடு நிறுத்திக்கொண்டவன்.

நகல் 1: மத்திய நிதியமைச்சகம், புது தில்லி. (‘மாநில அரசுக்கு உரியது’ என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவதற்காக.)

நகல் 2: துணை முதல்வர் அலுவலகம், விதான சௌதா. (நகல் 1இன் முகவரிக்கு அனுப்பிவைப்பதற்காக.)