கால் மாறி ஓட்ட முடியுமா?

மதுரை வெள்ளியம்பலத்தில் நடராசர் கால் மாறி ஆடுகிறார். மற்ற தலங்களில் வலக்காலை ஊன்றி இடக்காலைத் தூக்குபவர், அங்கே இடக்காலை ஊன்றி வலக்காலைத் தூக்கியிருப்பார். நடனம் கற்றுக்கொண்ட ராஜசேகர பாண்டியனுக்குத் தன் கால் வலித்த பிறகுதான் சாமியின் கால் நினைவுக்கு வந்ததாம். மாற்றி ஆடச் சொல்லி மன்றாடினான், அவரும் மனமிரங்கினார் என்கிறது திருவிளையாடல். ஒரே காலுக்கு ஓயாமல் வேலை கொடுத்தால் வலிக்கும் என்பது அந்தப் பாண்டியனுக்குத் தெரிந்திருக்கிறது. வேலையே கொடுக்காவிட்டாலும் வலிக்கும் என்று தெரிந்துகொள்ள நான் இங்கிலாந்துக்கு வந்து ஒரு பழைய எம்.ஜி.பி. வாங்க வேண்டியிருந்தது.

எம்.ஜி. என்றால் அடுத்த எழுத்து ஆர்தான் என்று வளர்ந்தவர்களுக்கு ஒரு விளக்கம். இந்த எம்.ஜி., ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த மாரிஸ் கராஜ் என்ற கடையின் சுருக்கம். எம்.ஜி.பி. அந்த வம்சத்தின் ஸ்போர்ட்ஸ் கார். 1962 முதல் 1980 வரை ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே ஆபிங்டன் என்ற சிறு நகரத்தில் செய்தார்கள். 1798 சிசி எஞ்சின், இரண்டு இருக்கை, மழை வந்தால் கூரையை நாமே இழுத்து மூடிக்கொள்ள வேண்டும். உடன்பிறப்புகளையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்து உலகெங்கும், முக்கியமாக அமெரிக்காவுக்கு, அனுப்பினார்கள். 1929இல் எம்.ஜி. அந்த ஊருக்குக் குடிபோனது ஒரு தோல் பதனிடும் ஆலையின் வளாகத்துக்கு. தோல் என்றதும் செருப்பும், செருப்பு என்றதும் காலும் யாருக்காவது ஞாபகம் வந்திருக்கலாம். வந்த அறிகுறி காரில் இல்லை.

வலது காலுக்கு ஆக்ஸிலரேட்டர், பிரேக் என்று இரட்டை உத்தியோகம். புகுந்த வீட்டில் மணமகள் முதலில் எடுத்து வைப்பதும் வலது காலைத்தானே! இடது காலுக்குக் கிளட்ச் மட்டும். ஆரம்பகால எம்.ஜி.பி.களில் ஹெட்லைட்டைத் தாழ்த்தும் பொத்தான் தரையில், இடது காலுக்கு எட்டும்படி இருந்தது. ராத்திரி நேரக் கூடுதல் வேலை. பிறகு அதையும் பிடுங்கி ஸ்டியரிங் அருகே கைக்குக் கொடுத்துவிட்டார்கள். என்னுடையது 1972ஆம் வருட வண்டி, ஓவர்டிரைவ் உண்டு. டாப் கியரில் போகும்போது ஒரு சுவிட்சைத் தட்டினால் கிளட்சை மிதிக்காமலே இன்னொரு கியர் கிடைத்த மாதிரி எஞ்சின் அடங்கி ஓடும். மோட்டார்வேயில் எழுபது மைல் வேகத்தைப் பிடித்துவிட்டால் அடுத்த ஊர் வரை இடது கால் முழுநேர வேலையில்லாப் பட்டதாரி.

சும்மா இருக்கும் காலை எங்கே வைப்பது? இங்கேயும் நம் ஊரைப் போல ஸ்டியரிங் வலது பக்கம்தான். அதனால் கிளட்சுக்கு இடப்புறம் உடனே கியர்பாக்ஸை மூடிய இரும்பு மேடு. இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில் ஷூவைச் செருகலாம், பாதத்தைத் திருப்ப முடியாது. முழங்காலை மடக்கினால் ஸ்டியரிங் இடிக்கிறது. பக்கத்து இருக்கையில் என் மனைவி இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு வருவதைப் பார்க்கப் பார்க்க, கார் யாருடையது என்ற சந்தேகம் வந்துவிடும்.

கடைசியில் கால் தானாகப் போய்க் கிளட்ச் மேல் உட்காரும். மிதிப்பதில்லை, சும்மா சாய்ந்திருப்பதுதான். வினையே அங்கேதான். எம்.ஜி.பி.யின் கிளட்ச் ரிலீஸ் பேரிங்கில் குண்டுகள் கிடையாது. அது ஒரு கார்பன் வளையம். மிதிக்கும்போது சுழலும் தகட்டில் போய் உரசி, காலை எடுத்ததும் விலகிக்கொள்ள வேண்டும். கால் மேலேயே கிடந்தால் மைல்கணக்கில் உரசித் தேய்ந்துகொண்டே வரும். தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். மாற்ற எஞ்சினை வெளியே தூக்க வேண்டும். எஞ்சினைத் தூக்கினால், "தூக்கினதே தூக்கினோம்" என்று கிளட்ச் தகடு, ஆயில் சீல், எஞ்சின் தாங்கும் ரப்பர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வார் மெக்கானிக். ஒரு கால் சாய்ந்ததற்குத் தண்டனை இவ்வளவு.

ஆகவே ஃபுட்ரெஸ்ட் வாங்கினேன். அலுமினியத் தகடு, மடித்த இரும்புத் தாங்கி, நாலு போல்ட்டு. எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்று போட்டிருந்தது. எல்லா மாடலுக்கும் பொருந்துவது எந்த மாடலுக்கும் சரியாகப் பொருந்தாது என்பது ரெடிமேட் சட்டை போட்ட எவருக்கும் தெரியும்.

பக்கத்துத் தெருவில் பழைய கார்களைப் பழுது பார்க்கும் ஆங்கிலேயப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். டிரில்லும் கையுமாக என்னைப் பார்த்தவர், "முதலில் காருக்கு அடியில் போய்ப் படு. அப்புறம் அதைத் தொடு" என்றார். படுத்தேன். இந்தக் காரில் பேட்டரி இருப்பது இருக்கைகளுக்குப் பின்னால். அங்கிருந்து எஞ்சினுக்குப் போகும் தடித்த கேபிள், பின் சக்கரத்துக்கான பிரேக் குழாய், பெட்ரோல் குழாய் எல்லாம் வண்டியின் வயிற்றோடு ஒட்டிப் போகின்றன. மேலே இருந்து கண்ணை மூடிக்கொண்டு துளைத்தால் மூன்றில் எது முதலில் அகப்படும் என்பது அவரவர் ஜாதகம்.

அடுத்து, கம்பளம். அதை விலக்காமல் துளைத்தால் டிரில் முனை நூலைப் பற்றி, ஒரே நொடியில் நீளமாக உருவிவிடும். விலக்கித் துளைத்து, துளையின் ஓரத்துக்குத் துரு பிடிக்காமல் பெயின்ட் தொட்டு வைத்து, பிறகு விரிக்க வேண்டும். கம்பளத்தின் மேல் போல்ட்டை முறுக்கினாலும் தொல்லை. மிதிக்க மிதிக்கக் கம்பளம் அமுங்கி போல்ட்டு தளர்ந்துவிடும். நடுவே குட்டிக் குழாய்த் துண்டு வைத்து இறுக்குவதுதான் முறை.

இதெல்லாம் கூடச் சுலபம். உயரமும் சாய்வும்தான் உயிரை எடுத்தன. கிளட்ச் மிதிக்காமல் நிற்கும் மட்டத்துக்குச் சற்றுக் கீழே பலகை இருக்க வேண்டும். மேலே நின்றால் அவசரத்தில் ஷூவின் விளிம்பு அதில் தட்டும். கிளட்சுக்குப் போகிற கால் பாதி வழியில் நின்றுவிடும். செங்குத்தாக வைத்தால் கெண்டைக்கால் இழுக்கிறது, படுக்க வைத்தால் குதிகால் வழுக்குகிறது. அட்டைப் பெட்டியை வெட்டி வெட்டி மாதிரி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் தேநீரோடு வந்த மனைவி, "ஏங்க, காலை வச்சுக்க ஒரு பலகைக்கா இந்தக் கூத்து? ஊர்லேருந்து எங்கம்மா குடுத்த மணை சும்மாத்தான் கிடக்கு. எடுத்துப் போட்டுட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றாள். மணையின் சாய்வு பூஜ்ஜியம் என்று விளக்க ஆரம்பித்தேன். அவள் நிற்கவில்லை.

பழைய கார் வைத்திருப்பவர்களில் அசல் கட்சி என்று ஒன்று உண்டு. கேடன் கிராமத்துக் கார் அருங்காட்சியகம், தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து உங்கள் கார் என்ன நிறத்தில், என்னென்ன வசதியோடு பிறந்தது என்று சான்றிதழ் தரும். அதில் இல்லாத எதையும் வண்டியில் சேர்ப்பது அந்தக் கட்சிக்காரர்களுக்கு மகாபாவம். துளையைப் பார்த்து முகம் சுளித்த ஒருவருடைய காரின் பானெட்டைத் திறந்தேன். எலக்ட்ரானிக் இக்னிஷன் பளபளத்தது. அது வெளியே தெரியாதாம்!

இப்போது என் இடது கால் சாய்ந்திருக்கிறது. வளைவுகளில் அதை ஊன்றிக்கொண்டால் உடம்பு இருக்கையில் அலையாமல் நிற்கிறது, ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. ராலி ஓட்டுபவர்கள் ஃபுட்ரெஸ்டை விடாததன் காரணம் சொகுசு இல்லை, இதுதான்.

பழைய எம்.ஜி.பி. வாங்கப் போகிறீர்களா? வழக்கமாகப் போடும் ஷூவோடு போய் ஓட்டுநர் இருக்கையில் உட்காருங்கள். நீண்ட தூரம் போகும்போது இடது காலை எங்கே வைப்பீர்கள் என்று விற்பவரைக் கேளுங்கள். அவர் கிளட்சைக் காட்டினால், எஞ்சினை இறக்கி ஏற்றும் கூலியை விலையில் கழித்துக்கொண்டு பேரத்தைத் தொடங்குங்கள்.