கொல்லிமலையில் கம்ப்யூட்டரை வேகவைப்பது எப்படி?

கீழே நாமக்கல்லில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. சித்திரை வெயிலில் எதை எப்படி மாட்டினாலும் கம்ப்யூட்டர் தானாகவே கொதிக்கும். செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ குடியிருப்பவர் பாடுதான் திண்டாட்டம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஆயிரம் மீட்டருக்கு மேல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அடிவாரத்தைவிட ஆறேழு டிகிரி குறைவான காற்று சன்னல் வழியே சும்மா வருகிறது. இத்தனையையும் மீறி ஒரு பிராசசரை 95 டிகிரிக்கு ஏற்றி, கல்யாண வீடியோ எடிட் செய்யும்போது திணறவைக்க வேண்டுமென்றால் தனி உழைப்பு வேண்டும்.

மலைக்காற்று அடர்த்தி குறைந்ததுதான். 1,200 மீட்டர் உயரத்தில் கடல்மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே குறையும்; ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் தள்ளும் காற்றின் எடை அந்த அளவுக்குக் குறைவு. அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். அந்த நஷ்டத்தை மலையின் குளிரே பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். ஆகவே வேலை ஃபேனில்தான் தொடங்க வேண்டும்.

இதில் உங்கள் முதல் எதிரி உள்ளூர்க்காரர்: வல்வில் ஓரி. யானையைத் துளைத்த ஒரே அம்பு புலி, மான், பன்றி என்று வரிசையாகப் போய்ப் புற்றிலிருந்த உடும்பில் தைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். கேபினட்டில் காற்றும் அந்த அம்பு மாதிரிதான் போக வேண்டும். முன்பக்கம் நுழைந்து, கிராபிக்ஸ் கார்டைத் தொட்டு, பிராசசர் மேலிருக்கும் கூலரின் தகடுகளை ஊடுருவி, பின்பக்க ஃபேன் வழியே வெளியேற வேண்டும். ஆடியில் செம்மேட்டில் ஓரிக்கு விழா எடுக்கும்போது கைதட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் பின்பக்க ஃபேனையும் உள்ளே ஊதும்படி திருப்பி மாட்டுங்கள்.

திருப்புவது சுலபம். ஃபேனைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு முகத்தில் இறக்கைகள் மறைப்பின்றித் தெரியும். காற்றை இழுப்பது அந்த முகம். மறுமுகத்தில் மோட்டாரைத் தாங்கும் பட்டைகள் குறுக்கே ஓடும். காற்று வெளியேறுவது அங்கே. சில ஃபேன்களின் விளிம்பில் சின்னதாக இரண்டு அம்புக்குறிகள்கூட இருக்கும், ஒன்று சுற்றும் திசைக்கு, மற்றது காற்றுப் போகும் திசைக்கு. இதையெல்லாம் பார்க்கவே கூடாது. கண்ணாடிக் கதவு வழியே எந்த முகத்தில் கலர் லைட் எடுப்பாகத் தெரிகிறதோ அதுதான் சரியான முகம்.

எல்லா ஃபேனையும் வெளியே தள்ளும்படி மாட்டுவது இன்னொரு நல்ல வழி. உள்ளே அழுத்தம் குறைந்து, ஃபில்டர் இல்லாத இண்டு இடுக்கெல்லாம் காற்றை உறிஞ்சும். வாசலில் மிளகு காயப்போட்டு உதிர்க்கும் நாட்களில் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும்; அந்தத் தூசி முழுக்க மதர்போர்டில் இருக்கும். உள்ளே இழுப்பது கொஞ்சம் கூடுதலாக இருந்தால் இடுக்குகள் வழியே காற்று வெளியே மட்டும் போகும், தூசி முன்பக்க ஃபில்டரோடு நின்றுவிடும். நமக்கு அது ஆகாது.

லிக்விட் கூலர் வாங்க வசதி உண்டென்றால் வாய்ப்புகள் பெருகும். ரேடியேட்டரைப் பற்றி நாமக்கல் மாவட்டத்தில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். லாரிக்கு முன்னால் இருக்கிறதல்லவா, இங்கேயும் முன்னால் போடுங்கள். லாரியில் அந்தச் சூடு வண்டிக்கு அடியில் போய்விடும். இங்கே நேராகக் கிராபிக்ஸ் கார்டின் முகத்தில் அடிக்கும். பிராசசர் பிழைத்துக்கொள்ளும், கார்டு வேகும். மேற்கூரையில் மாட்டிச் சூட்டை வெளியே ஊதவிட்டால் இரண்டுமே ஓரளவு பிழைத்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டையும் கெடுக்க ரேடியேட்டரைக் கேபினட்டின் அடியில் மாட்டலாம். மூடிய கூலருக்குள்ளும் கொஞ்சம் காற்று இருக்கும். அது உயரமான இடம் தேடிப் போகும். அடியில் மாட்டினால் உயரமான இடம் பம்புதான். காற்றை விழுங்கிய பம்பு இரவெல்லாம் களகளவென்று சத்தம் போடும். ஆகாய கங்கை அருவியைக் கேட்க அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய் ஆயிரத்துச் சொச்சம் படி இறங்கி ஏற வேண்டாம்.

மூடுபனி உள்ளே போய்த் தண்ணீராகிவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் வரவேற்றுச் சன்னலைச் சாத்துங்கள். ஃபேனாலும் ரேடியேட்டராலும் எதையும் அறைக்காற்றைவிடக் குளிரவைக்க முடியாது. ஓடும் கம்ப்யூட்டரின் பாகங்கள் அறையைவிடச் சூடாகவே இருக்கும், அதில் பனி படியாது. இந்த உண்மை வீட்டில் பரவ வேண்டாம். பூப்போட்ட துணி உறையைக் கழற்றாதீர்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனத்தை முன்பக்க வலைமேலேயே தாராளமாகப் பூசுங்கள். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலேயே மாட்டியிருந்தால் மேற்சொன்ன எதுவுமே தேவையில்லை.

கடைசியில் சர்வீஸ். கம்ப்யூட்டரை நிமிர்த்தி வைத்தே பஸ்ஸில் 70 வளைவும் இறக்குங்கள். கனமான கூலரும் கார்டும் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு ஆடட்டும். கடைக்காரர் ஏ.சி. அறையில், பக்கக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு அரை நாள் ஓட்டிப் பார்ப்பார். துணி உறை இருக்காது, சுவர் இருக்காது, காற்று நாலாபுறமும் வரும். ஒரு கோளாறும் இல்லையே என்று சொல்லி, பார்த்த கூலியை வாங்கிக்கொண்டு, கதவை இறுக்கமாகத் திருகி உங்கள் கையில் கொடுப்பார்.