கறுப்புத் துப்பட்டாவும் கண்டோனேஷன் கட்டணமும்

பெரியார் பெயரில் ஒரு பல்கலைக்கழகம். அதன் பட்டமளிப்பு விழாவுக்குக் கறுப்பு உடையில் யாரும் வரக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை. இதை நான் கற்பனையில் எழுதியிருந்தால், "நையாண்டிக்கும் ஓர் அளவு வேண்டாமா?" என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார். சேலம் பெரியார் பல்கலைக்கழகம் 2023 ஜூனில் இதை அதிகாரபூர்வமாகவே அனுப்பியது. ஆளுநர் வருகிறார், ஆகவே கறுப்பு ஆகாது. ஊரே கைகொட்டிச் சிரித்த பிறகுதான் திரும்பப் பெற்றார்கள். சிரிக்காமல் விட்டிருந்தால், அன்றைக்குப் பெரியாரே எழுந்து வந்திருந்தாலும் வாசல் காவலாளி, "பெரியவரே, சட்டையை மாத்திட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

சரி, ஆளுநரைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. 2025 ஜனவரி 5, சென்னை எழும்பூர் அருங்காட்சியகம். சிந்துவெளிப் பண்பாட்டுக் கண்டுபிடிப்பின் நூற்றாண்டுக் கருத்தரங்கு. இந்த முறை வருகிறவர் முதலமைச்சர். கேட்க வந்த மாணவிகளின் கறுப்புத் துப்பட்டாக்களை வாசலிலேயே கழற்றி வைக்கச் சொன்னது காவல்துறை. கறுப்புச் சட்டை மரபில் வந்த கட்சியின் ஆட்சியில்தான் இது நடந்தது. பணியில் இருந்தவர்களின் மிதமிஞ்சிய எச்சரிக்கை என்று பிறகு விளக்கம் வந்தது. சிந்துவெளி எழுத்தை நூறு ஆண்டுகளாக யாராலும் படிக்க முடியவில்லை. ஒரு பெண்ணின் துப்பட்டாவை மட்டும் நொடியில் படித்துவிட்டார்கள். உடுத்தியிருக்கும் துணியைக் கழற்றச் சொல்ல உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்க அங்கே ஒரு பேராசிரியர் வாயும் திறக்கவில்லையா? திறந்திருந்தால் அந்தத் துப்பட்டாக்கள் வாசலில் குவிந்திருக்காது.

நம்மவர்களாவது வண்ணத்தோடு நின்றார்கள். டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் 2023 இறுதியில் ஒழுங்கு விதிகளைத் திருத்தி, ஓட்டல் சுவரில் தொங்கும் விலைப்பட்டியல் மாதிரி அபராதங்களை எழுதிவைத்தது. அனுமதியில்லாமல் புதுமுக மாணவர்களுக்கு வரவேற்பு விழா எடுத்தால் 6,000 ரூபாய். தேச விரோதச் செயல் என்றால் 10,000. வகுப்பறைக் கட்டடத்திலிருந்து 100 மீட்டருக்குள் தர்ணா செய்தால் 20,000 வரை. கணக்கை மறுபடி பாருங்கள். அவர்கள் விலைப்படி, தேசத்துக்கு எதிராக நடப்பதைவிடத் துறை அலுவலகத்துக்கு எதிரே உட்காருவது இரண்டு மடங்கு பெரிய குற்றம். தேசத்தின் மதிப்பு என்னவென்று நிர்வாகமே ரூபாயில் சொல்லிவிட்டது. தேசபக்தர்கள் யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

டெல்லிக்காரர்கள் எழுதியாவது வைத்தார்கள், பாவம். நம்மூர்ப் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் எழுதுவதே கிடையாது. ஆண்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒரு படிக்கட்டு. பேருந்தில் முன்பாதி, பின்பாதி. ஐ.டி. கார்டு கழுத்தில் இல்லையா, ஃபைன். தாடி வைத்தாயா, ஃபைன். வகுப்புத் தோழியிடம் லேப் ரெக்கார்ட் கேட்டாயா? உடனே பேரண்ட்ஸைக் கூட்டிக்கொண்டு வா. அந்த அறையில் நடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். லட்சங்களில் கட்டணம் கட்டிய அப்பா, இரவெல்லாம் பஸ்ஸில் வந்து, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, தன் தம்பி வயதுள்ள துறைத் தலைவரை "ஐயா" என்கிறார். மேசையில் ஒரு வெள்ளைத் தாள். "எழுதுப்பா. நான் செய்தது தவறு, இனிமேல் செய்ய மாட்டேன்." என்ன தவறு என்று பையன் கேட்கிறான். "அந்த இடத்தைக் காலியா விடு, நாங்க எழுதிக்கிறோம்." பக்கத்திலிருந்து அப்பாவே அதட்டுகிறார்: "சார் சொல்றாருல்ல, எழுதுடா!" இந்தத் தாள் நான்கு வருடம் பீரோவில் இருக்கும். இன்டர்னல் மார்க் போடும்போது மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். கூடவே அசல் மதிப்பெண் சான்றிதழ்களும் அதே பீரோவில்தான். அவற்றைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே சொல்லிவிட்டது. பீரோவுக்குக் காது கேட்காது.

பையனும் பெண்ணும் பேசுவதைக் குற்றமாக்கி வைத்தால் அதில் யாருக்கு லாபம்? 2024 டிசம்பர் 23 இரவு அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் நுழைந்தவனுக்கு லாபம். ஒரு மாணவியும் அவள் நண்பனும் தனியே இருந்தார்கள். அதைப் படம் பிடித்து வைத்திருப்பதாகச் சொல்லி மிரட்டித்தான் அவன் அவளைப் பாலியல் வன்கொடுமை செய்தான். ஒரு மாணவி தன் நண்பனோடு பேசிக்கொண்டிருந்தாள் என்ற சாதாரணச் செய்தியை எப்படி ஆயுதமாக்க முடிந்தது? அந்தச் செய்தி கல்லூரிக்கும் வீட்டுக்கும் போனால் விசாரிக்கப்படுவது அவள்தான் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அந்த ஆயுதத்தை அவனுக்குச் செய்துகொடுத்த பட்டறை எது? ஒழுக்கம் காக்கிறோம் என்று தனித்தனிப் படிக்கட்டு கட்டியவர்கள்தானே? அவள் துணிந்து புகார் கொடுத்தாள். முதல் தகவல் அறிக்கை அவள் விவரங்களோடு வெளியே கசிந்தது. அதை எழுதிய தொனியே அவளைக் குற்றம் சொல்கிறது என்று உயர் நீதிமன்றம் கண்டித்தது, 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடும் தரச் சொன்னது. குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை, 30 ஆண்டுக்குக் குறையாமல். பட்டறை இன்னும் திறந்துதான் இருக்கிறது. 'மாணவிகள் இருட்டில் நடமாட வேண்டாம்' என்ற அறிவுரை அங்கேதான் தயாராகிறது.

குறை இருந்தால் சொல்லலாமே என்பார்கள். சொல்லலாம். மானியக் குழு 2023-இல் இதற்கென்றே ஒழுங்குமுறை கொண்டுவந்திருக்கிறது. கல்லூரிக்குள் ஒரு குறைதீர் குழு. அதில் யார்? அதே கல்லூரிப் பேராசிரியர்கள். மாணவர் தரப்பில் ஒருவர் உண்டு, சிறப்பு அழைப்பாளராக. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைச் சிறப்பு அழைப்பாளராகக் கூப்பிட்ட ஒரே ஏற்பாடு இதுதான். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் மேலே ஒரு குறைதீர்ப்பாளர். ஓய்வுபெற்ற துணைவேந்தராகவோ பேராசிரியராகவோ மாவட்ட நீதிபதியாகவோ இருப்பார். புகார் பொய்யானது, அற்பமானது என்று அவருக்குப் பட்டால், புகார் கொடுத்தவர்மீதே நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கலாம். பத்தொன்பது வயதுப் பெண் இதைப் படித்துவிட்டுப் புகார் எழுதுவாளா, பேனாவை மூடுவாளா?

சங்கம் வைத்துக்கொள்ளட்டும் என்றால் அது இன்னும் வேடிக்கை. எல்லாக் கல்லூரிகளிலும் மாணவர் தேர்தல் நடக்க வேண்டும் என்றது லிங்டோ குழு. 2006-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்று நடைமுறைப்படுத்தச் சொன்னது. தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகளில் தேர்தல் என்ற பேச்சே இல்லை. பதினெட்டு வயதில் பிரதமரைத் தேர்ந்தெடுக்க உதவும் அறிவு, கேன்டீன் சாம்பாரைப் பற்றிப் பேச ஒரு செயலாளரைத் தேர்ந்தெடுக்கப் போதாதாம். 1965 ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் துப்பாக்கிச் சூட்டில் இறந்த மாணவர் இராசேந்திரனுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழக வாசலில் சிலை இருக்கிறது. அந்த இந்தி எதிர்ப்பு மாணவர் போராட்டத்தின் அலையில் ஏறி ஆட்சிக்கு வந்தவர்கள்தான் இங்கே மாறி மாறி ஆண்டார்கள். மாலை போட ஆண்டுதோறும் ஆள் வரும். அவரைப் போலவே அனுமதி கேட்காமல் இன்றைக்கு ஒருவன் ஊர்வலம் போனால் அவனுக்குக் கிடைப்பது டி.சி.

மாணவர்களுக்குப் பொறுப்பு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். 75 விழுக்காடு வருகை வேண்டும். குறைந்தால் கண்டோனேஷன் கட்டணம் கட்ட வேண்டும், இன்னும் குறைந்தால் தேர்வே எழுத முடியாது. நல்ல விதி. அதையே மேலே உள்ளவர்களுக்கும் போட்டுப் பார்ப்போம். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நாற்காலி 2023 ஆகஸ்டில் காலியானது. ஆளுநரும் அரசும் சண்டை போட்டுக்கொண்டிருந்ததில் ஆண்டுகள் ஓடின. அண்ணா பல்கலைக்கழகத்தில் அந்த நாற்காலி 2024 ஆகஸ்டில் காலியானது; அந்த டிசம்பர் இரவிலும் துணைவேந்தர் இல்லை. வருகைப் பதிவு சுழியம். ஆளுநர் மாளிகையும் தலைமைச் செயலகமும் ஆளுக்குப் பாதியாகக் கண்டோனேஷன் கட்டிவிட்டு, பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வரட்டும். வரும்போது யாரும் கறுப்பு போட்டுக்கொண்டு வரத் தேவையில்லை, வெள்ளைத் தாள் ஒன்று கொண்டுவந்தால் போதும். என்ன தவறு என்ற இடத்தைக் காலியாக விடட்டும், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.