கிளி மாஸ்டர்

கண்டியில் ஒரு கலியாண வீடு. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு ஒருவர் வருகிறார். மேலிருந்து இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். வலது தோளில் எத்தனை முறை துவைத்தும் போகாத மங்கல் கறை. காது மடலில் ஒரு பிளாஸ்டர். மூக்குக்கண்ணாடிக் கம்பிகளின் நுனியை யாரோ மென்றிருக்கிறார்கள். சாப்பாட்டு மேசைக்குப் போனதும் சலாதுக்கு நடுவே கிடக்கும் பச்சைக் கொச்சிக்காய்களை மட்டும் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொள்கிறார். யாரென்று விசாரிக்க வேண்டியதில்லை. கிளி மாஸ்டர்தான்.

கொச்சிக்காய் வீட்டிலிருப்பவர்களுக்கு. நம் நாக்கை எரிக்கும் காரம் பறவையின் நரம்புக்கு உறைப்பதேயில்லை. நாம் கண்ணீர் விடுகிற காயைக் கிளி ஒற்றைக்காலில் பிடித்து, நிதானமாகக் கிழித்து, விதையைத் தின்றுவிட்டுத் தோலை நம் மேலேயே போடும். அதைப் பார்க்கும்போது மாஸ்டர் முகத்தில் தோன்றும் பெருமை, மகள் டொக்டராகப் பட்டம் வாங்கிய அன்றும் தோன்றவில்லை என்று அவர் மனைவி சொல்வதுண்டு.

இந்த வகையினர் எல்லோரும் பள்ளிக்கூட மாஸ்டர்களாக இருந்தவர்கள் அல்லர். கட்டுகஸ்தோட்டையில் இருப்பவர் வங்கியில் வேலை பார்த்தவர். அம்பிட்டியவில் இருப்பவர் தோட்டத்துத் தொழிற்சாலையில் டீமேக்கர். ஆனாலும் கூண்டின் முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து பாடம் நடத்தத் தொடங்கிய நாளிலிருந்து ஊர் அவர்களை மாஸ்டர் என்றே கூப்பிடுகிறது. ஒரு கிளி வைத்திருப்பவருக்கு இந்தப் பட்டம் கிடைக்காது. ஒரு கிளி என்றால் அது பொழுதுபோக்கு. மூன்றைத் தாண்டினால் குடித்தனம்.

மூன்றைத் தாண்ட வேண்டுமென்று யாரும் திட்டம் போடுவதில்லை. மகள் கொழும்புக்கு வேலைக்குப் போகும்போது ஒரு சோடி லவ் பேர்ட்ஸை விட்டுப் போகிறாள். (நம் கடைகளில் அந்தப் பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் அவுஸ்திரேலியாவின் பட்ஜரிகார்தான். வாங்கியவருக்கும் விற்றவருக்கும் ஆட்சேபம் இல்லாததால் நமக்கும் இல்லை.) சோடி பெருகுகிறது. பெருகியதில் நாலைக் கொடுத்து ஒரு கொக்கடீல் வாங்கப்படுகிறது. அது தனியாக இருந்து வாடுவதால் இன்னொரு கொக்கடீல். அப்புறம்தான் பெரிய இடத்துச் சம்பந்தம் வந்து வாய்க்கிறது: கனடாவுக்குக் குடிபெயரும் குடும்பமொன்று தன் ஆபிரிக்கச் சாம்பல் கிளியைக் கொண்டுவந்து ஒப்படைக்கிறது. 2017 ஜனவரியிலிருந்து சாம்பல் கிளி, வனவுயிர் வியாபாரம் பற்றிய சைட்டீஸ் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் இருக்கிறது. காட்டிலிருந்து பிடித்து சர்வதேச வியாபாரம் செய்யத் தடை. வீட்டுக் கிளியை நாடுவிட்டு நாடு கொண்டுபோகவும் கட்டுக்கட்டாகக் கடதாசி வேண்டும். அந்தக் குடும்பத்தில் பாட்டிக்கு விசா கிடைத்தது. கிளிக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கிளியின் பெயர் ராணி. மாஸ்டரின் சரித்திரத்தில் ராணிக்கு முன், ராணிக்குப் பின் என்று இரண்டு காலங்கள் உண்டு.

கிளிக்குப் பேச்சுப் பழக்குவது பற்றி மாஸ்டரிடம் கேட்டுவிடக்கூடாது. கேட்டால் அமெரிக்காவின் அலெக்ஸிலிருந்து தொடங்குவார். ஐரீன் பெப்பர்பர்க் என்ற ஆராய்ச்சியாளர் 1977இல் ஒரு கடையில் வாங்கிய சாம்பல் கிளி அது. 2007இல் இறக்கும்போது சுமார் நூறு சொற்கள் தெரிந்துவைத்திருந்தது. நிறம், வடிவம், எண்ணிக்கை கேட்டால் பதில் சொல்லும். ராணிக்குத் தெரிந்த சொற்களும் அதற்குக் குறைவில்லை. என்ன, அவற்றில் பாதியை விருந்தாளி முன்னால் சொல்ல முடியாது.

இதில் கிளியின் தப்பு ஒன்றுமில்லை. அது கூட்டமாக வாழ்கிற பிராணி. கூட்டம் எழுப்பும் ஓசையைத் தானும் எழுப்பினால்தான் அதற்குக் கூட்டத்தில் இடம். வீட்டுக் கூண்டில் இருப்பதற்கு நாம்தான் கூட்டம். எந்தச் சொல்லைச் சொல்லும்போது குரல் உயர்கிறதோ, எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்களோ, அந்தச் சொல் அதற்கு முக்கியமாகப் படுகிறது. 'வணக்கம், வாங்க' என்று மாஸ்டர் மாதக்கணக்கில் பாடம் நடத்தினார். ராணி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கஞ்சி வடிக்கும்போது காலில் கொட்டிய அன்று டீச்சர், அதாவது மாஸ்டரின் மனைவி, ஒரே ஒரு தடவை ஒரு வார்த்தை சொன்னார். மாலை தேநீருக்கு முன் ராணிக்கு அது மனப்பாடம், டீச்சரின் அதே குரலில்.

கண்டிக் கிளிக்குப் பாடசாலையும் பெரிது. விடியற்காலையில் விகாரையிலிருந்து பிரித் ஓசை. பள்ளிவாசல் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்க்கும் டொக் டொக். கட்டுக்கலைப் பிள்ளையார் கோவில் மணி. அப்புறம் 'மாலு, மாலூ' என்று மீன்காரர், 'போத்தல் பத்தர' என்று பழைய சாமான்காரர். எல்லாவற்றையும் ராணி ஒரே மூச்சில் ஒப்பிக்கும். இன நல்லிணக்கத்துக்கென்று நடக்கும் கருத்தரங்குகளுக்கு மாஸ்டர் போவதில்லை. வீட்டிலேயே நடக்கிறது, அதிகாலை ஐந்தரைக்கு. மொழியிலும் பேதமில்லை: சிங்களத்தில் ஏசும், தமிழில் சமாதானம் சொல்லும், ஆங்கிலத்தில் தொலைபேசிக்குப் பதில் பேசும்.

ராணியின் புகழ் தெருவைத் தாண்டியது பாணால்தான். பீத்தோவன் 1810இல் எலீஸ் என்ற பெயரைப் போட்டு எழுதிவைத்த பியானோ மெட்டு இலங்கையில் பாண் ஓட்டோவுக்குச் சொந்தமாகிவிட்டது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மெட்டுக் கேட்டதும் கிம்புலா பனிஸ் நினைவுக்கு வராத இலங்கையர் இல்லை. ராணி அதை முழுசாகப் பிடித்தது, ஒலிபெருக்கியின் கரகரப்பு உட்பட. மாலை நாலு மணிக்கு அது தொடங்கினால் எதிர்வீட்டு அம்மா காசோடு கேட்டுக்கு வருவார். வந்து, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்து, மாஸ்டர் வீட்டை முறைத்துவிட்டு உள்ளே போவார். இதெல்லாம் சாதாரண காலத்தில். 2022இல் பெற்றோல் இல்லாமல் பாண் ஓட்டோக்கள் தெருவில் இறங்காத நாட்களிலும் ராணி நேரம் தவறவில்லை. கேஸ் இல்லை, மின்சாரம் ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் இல்லை. அந்த இருட்டில் பீத்தோவன் கேட்டால் யார்தான் வெளியே ஓடிவரமாட்டார்கள்? அந்த ஆண்டில் மாஸ்டர் தம்பதி தெருவில் தலைகுனிந்து நடந்தார்கள். அதே ஆண்டு தொலைக்காட்சியிலிருந்து 'கோட்டா கோ ஹோம்' என்பதையும் ராணி எடுத்துக்கொண்டது. ஜனாதிபதி கோட்டாபய ஜூலையிலேயே போய்விட்டார். ராணிக்கு இன்னும் செய்தி எட்டவில்லை.

இத்தனைக்கும் பிறகு அந்த வீடு சத்தக்காடாக இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? பறவைகளைப் பொறுத்தவரை அது உண்மை. மனிதர்களைப் பொறுத்தவரை கண்டியிலேயே அமைதியான வீடு அதுதான். யாரும் குரலை உயர்த்துவதில்லை, உயர்த்தினால் அது பதிவாகிவிடும். கணவன் மனைவி சண்டையைக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் போடுகிறார்கள். அவசரச் சண்டை என்றால் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து வாட்ஸ்அப்பில். சம்பந்தி வீட்டாரைப் பற்றிய அபிப்பிராயங்கள் எழுத்தில் மட்டும். முன்பு வகுப்பறையையே அதிர வைத்த மனிதர், இப்போது கறியில் உப்பு இல்லையென்றால் தாலாட்டுப் பாடுகிற குரலில் சொல்கிறார்.

நம் புலவர்களை நினைத்தால் எனக்கு ஆச்சரியம். சொக்கநாதப் புலவர் அழகருக்குக் கிள்ளையைத் தூது விட்டார். சிங்களத்திலும் கோட்டைக் காலத்தில் கிரா சந்தேசய என்று கிளியைத் தொட்டகமுவவுக்கு அனுப்பினார்கள். இரண்டு மொழியிலும் ஒரு புலவர்கூட வீட்டில் கிளி வளர்த்திருக்க முடியாது. வளர்த்திருந்தால் காகத்தைத்தான் அனுப்பியிருப்பார்.

மாஸ்டருக்கு உள்ளூர்க் கிளிகள் மேல் பக்தி உண்டு. உடவத்தகலைக் காட்டுப்பக்கம் நடந்தால் இலங்கையில் மட்டுமே உள்ள இரண்டு கிளியினங்களைப் பார்க்கலாம். ஒன்று தலைகீழாகத் தொங்கித் தூங்கும் சின்னஞ்சிறு கிராமலித்தா. மற்றது சாம்பல் தலையும் பச்சைக் கழுத்துப் பட்டையும் கொண்ட லேயார்ட் கிளி. லேயார்ட் என்பவர் இங்கே அரச சேவையில் இருந்த ஆங்கிலேயர். 1849இல் பிளைத் என்ற பறவையியலாளர் இந்தக் கிளிக்கு அறிவியற் பெயர் வைத்தபோது, லேயார்டின் மனைவி பார்பரா கால்த்ராப்பின் குடும்பப் பெயரை அதில் சேர்த்துவிட்டார். இதை மாஸ்டர் வருகிறவர்களுக்கெல்லாம் உருக்கமாகச் சொல்வார். ஒரு நாள் தேநீரோடு வந்த டீச்சர் கேட்டுக்கொண்டே நின்றார்.

"அவங்க பொஞ்சாதி பேரைக் கிளிக்கு வச்சாங்க. நீங்க கிளி பேரைச் சொல்லில்ல என்னைக் கூப்பிடுறீங்க."

"எப்ப கூப்பிட்டேன்?"

"நேத்து கூட. 'ராணி, சாப்பிட்டியாம்மா'ன்னு கேட்டீங்க. திரும்பிப் பார்த்தேன். முப்பது வருஷத்துல அப்பிடி ஒரு நாளாச்சும் கேட்டிருந்தா அது நானான்னு யோசிச்சிருப்பேன். கேட்டதே இல்லையே, அதனால கிளின்னு உடனே வெளங்கிருச்சு."

மாஸ்டர் பதில் சொல்லவில்லை. ராணி சிரித்தது, டீச்சரின் தங்கை சிரிக்கிற சிரிப்பு.

இனி டீச்சரின் சமையலறை. துபாயிலிருந்து மகன் அனுப்பிய நான்-ஸ்டிக் சட்டி பெட்டி பிரிக்கப்படாமல் அலுமாரி மேல் இருக்கிறது. அளவுக்கு மீறிச் சூடேறினால் அந்தப் பூச்சிலிருந்து எழும் புகை நமக்குத் தும்மலோடு போகலாம், கூண்டுப் பறவை நிமிடங்களில் செத்துவிடும். தோட்டத்து வெண்ணெய்ப்பழ மரம் கிளைமுறியக் காய்த்தாலும் பழம் வீட்டுக்குள் வராது, அதுவும் கிளிகளுக்கு நஞ்சு. கண்டியில் மரம் வைத்துக்கொண்டு வெண்ணெய்ப்பழம் சாப்பிடாத ஒரே குடும்பம். பிரஷர் குக்கரின் விசிலை ராணி ஊதுவதால் பருப்பு என்றைக்கும் அரைவேக்காடு. ஆனால் ஒன்று: கொக்கடீலில் ஒன்று எடை குறைகிறது என்று சமையல் தராசில் முதலில் கண்டுபிடித்ததும் டீச்சர்தான். நோயைக் கடைசிவரை மறைப்பது பறவைக் குணம், எடைதான் காட்டிக்கொடுக்கும். தொண்ணூறு கிராம் பிராணி எண்பதாகிவிட்டது என்று துவாயில் சுற்றிக்கொண்டு பேராதனை மிருக வைத்தியசாலைக்கு ஓடியவரும் அவர்தான். மாஸ்டர் ஓட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

எசல பெரஹராவுக்கு நாடே கண்டிக்கு வரும். கும்பல் பெரஹரா ஐந்து இரவு, ரந்தோலி ஐந்து இரவு. சவுக்கடிக்காரர்கள் முன்னே வந்து வீதியில் வெடி வெடித்தாற்போல் சுழற்றுவார்கள். பின்னால் மேளம், யானை. கொக்கடீல்களுக்கு இருட்டில் திடீர்ச் சத்தம் கேட்டால் பீதி பிடித்துக் கூண்டில் மோதிச் சிறகை உடைத்துக்கொள்ளும் சுபாவம். ஆகவே வாவிக்கரைக்கு நடந்துபோகிற தூரத்தில் குடியிருந்தும் மாஸ்டர் பெரஹரா பார்த்து வருஷங்கள் ஆகின்றன. அந்தப் பத்து இரவும் சின்ன விளக்கைப் போட்டுக்கொண்டு, கூண்டின் பக்கத்தில் கதிரையில் உட்கார்ந்து, 'ஒண்ணுமில்லடா, யானைதான்டா' என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

அவர் கத்திக் கேட்டது ஒரே ஒரு தடவை. தெரிந்தவர் ஒருவர் வந்து, மகியங்கனைப் பக்கம் லபு கிரவாக் குஞ்சு இருக்கிறது, நன்றாகப் பேசும், மலிவாக எடுத்துத் தரட்டுமா என்று கேட்டார். லபு கிரவா என்பது தோளில் செம்பட்டை கொண்ட நம் பெரிய பச்சைக்கிளி. மரப்பொந்தில் கைவிட்டுத்தான் குஞ்சு எடுப்பார்கள், கை எட்டாவிட்டால் மரத்தையே தறிப்பார்கள். அதைப் பிடிப்பதும் வீட்டில் அடைத்து வைப்பதும் இங்கே சட்டவிரோதம். அதற்கான கட்டளைச் சட்டம் 1937இலிருந்து இருக்கிறது. தமிழ்நாட்டிலும் அப்படித்தான். 2024 தேர்தலில் சினிமா இயக்குநர் தங்கர் பச்சான் வெல்வார் என்று கடலூரில் கிளி சீட்டு எடுத்தது, வனத்துறை வந்து சோதிடரைப் பிடித்தது. கிளிக்கு விடுதலை, வேட்பாளருக்குத் தோல்வி. ஆக, மாஸ்டர் எழுந்து நின்று, "பொலிஸுக்குச் சொல்லுவேன்! வெளிய போ!" என்று கத்தினார். வந்தவர் போய்விட்டார். வசனம் தங்கிவிட்டது. இப்போது தபால்காரர், மின்மானி பார்ப்பவர், கலியாணப் பத்திரிகை கொண்டுவருபவர் எல்லோருக்கும் வாசலில் கிடைக்கும் வரவேற்பு அதுதான்.

ஒரு கணக்கை மட்டும் மாஸ்டர் போட மறந்தார். சாம்பல் கிளி நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஐம்பது வருஷம்கூட இருக்கும். ராணிக்கு இப்போது பதினான்கு, மாஸ்டருக்கு அறுபத்தெட்டு. வீட்டுக்கு யார் வாரிசு என்பதில் பிள்ளைகளுக்குள் சிறு மனத்தாங்கல் உண்டு. ராணிக்கு யார் வாரிசு என்பதில் மூன்று பேரும் ஒற்றுமை: மற்றவர்தான்.

ஆகவே மாஸ்டர் சார்பில் ஓர் அறிவித்தல். ராணியைப் பிற்காலத்தில் பொறுப்பேற்க ஆள் தேவை. வயது நாற்பதுக்குள் இருக்க வேண்டும். வீட்டில் சண்டை இருக்கலாம், சத்தம் இருக்கக்கூடாது. நான்-ஸ்டிக் சட்டி உள்ளவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம். பாண் ஓட்டோ ஓட்டுபவர்களுக்கு முன்னுரிமை உண்டு. நேரில் வருகிறவர்கள் வாசலில் கேட்கிற வார்த்தையைப் பொருட்படுத்தாமல் உள்ளே வரலாம்.